தணிந்த பிறகு

2021, ஜூன் 18, வெள்ளி.

நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் அரக்கோணம் லோக்கலில் சென்னைக்குப் போய்வந்த உடம்பு. வேலையை விட்ட பிறகும் அந்த நேரத்துக்குக் கண் திறந்துகொள்கிறது. பொதுமுடக்க நாட்கள். ஊழியர்களுக்கான வண்டி மட்டும் எப்போதாவது மணவூரில் நின்று போகிறது. அது செஞ்சி பனம்பாக்கம் தாண்டும்போதே மொட்டைமாடியில் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் பத்துச் சத்தங்களில் ஒன்றாகக் கரைந்துபோகும்.

செல்போனில் ஒரு செய்தி. நகரியிலிருந்து. பதினாலு வருஷமாகப் பேசாதவன் அனுப்பியிருக்கிறான். சௌக்கியமா என்றுகூட இல்லை. ஒரு பாட்டுத் தொகுப்பின் இணைப்பு, அவ்வளவுதான். ஹெலோவீன் என்ற ஜெர்மன் குழுவினுடையது. தொகுப்பின் பெயரும் அதுவே. இன்றைக்குத்தான் வெளியாகியிருக்கிறது.

உடனே தொட மனம் வரவில்லை. கிழக்கு வெளுக்கும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

*

அதே நாள், மாலை.

அவனும் நானும் ஒரே கல்லூரி. தெலுங்குக்காரன், என்னோடு தமிழில் பேசுவான், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவான். 1991ஆக இருக்கலாம், ஒரு கேசட்டைக் கையில் திணித்தான். யாரிடமிருந்தோ வாங்கிப் பதிவு செய்தது. 90 நிமிட நாடா. ஒரு பக்கம் 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' முதல் பாகம், 1987. மறுபக்கம் இரண்டாம் பாகம், 1988. ஏழு சாவிகளின் காவலன். பேனாவால் நீலத்தில் எழுதியிருந்தான். அவனுடைய 'ழ' எப்போதும் 'ல' மாதிரியே இருக்கும்.

முதல் பாகம் முப்பத்தேழு நிமிஷத்தில் முடிந்து, மிச்சம் வெறும் இரைச்சலாக ஓடும். இரண்டாம் பாகம் ஒரு பக்கத்தில் அடங்காது. கடைசிப் பாட்டு பதிமூன்று நிமிஷத்துக்கும் மேல். அந்தக் காவலன் ஒவ்வொரு சாவியாகக் கடலில் எறிந்துகொண்டு வருவான், அவன் காரியம் முடியும் முன்பே நாடா டக்கென்று நின்றுவிடும். எத்தனையோ வருஷம் அந்தப் பாட்டின் முடிவு எனக்குத் தெரியாது. செஞ்சி பனம்பாக்கத்துக்கும் மணவூருக்கும் நடுவில் வண்டி வேகம் குறையும் இடத்தில் வாக்மேன் நிற்கும். கதையை நானே முடித்துக்கொள்வேன். ஒருநாள் அவன் ஜெயிப்பான், ஒருநாள் தோற்பான்.

2007இல் எங்களுக்குள் சீட்டுப் பணத்தில் தகராறு. தொகை இன்றைக்குச் சொன்னால் ஒரு மாத மளிகைக்கு ஆகாது. அவன் தெலுங்கில் பேச ஆரம்பித்தான், நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

*

ஜூன் 19.

இந்த இசையைப் பழகாதவர்களுக்கு அதன் கட்டுமானத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பவர் மெட்டல் என்பது 80களின் நடுவில் ஜெர்மனியில் உருண்டு திரண்ட பாணி. இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் போன்றவர்கள் வளர்த்த ஹெவி மெட்டலை எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்கள், குரலை உச்சஸ்தாயிக்கு ஏற்றினார்கள், பல்லவியை ஊரே சேர்ந்து பாடும்படி அகலமாக்கினார்கள். ஹாம்பர்க்கில் 1984இல் கூடிய ஹெலோவீனின் அந்த இரண்டு 'கீப்பர்' தொகுப்புகளும்தான் பிற்பாடு வந்த பலருக்கும் அச்சு. பாடுபொருள் பெரும்பாலும் போர். வாள், அரக்கன், இருள், அதை எதிர்த்துப் போகிற ஒருவன். சோகப் பாட்டில்கூட தலை நிமிர்ந்தே இருக்கும்.

அடியில் ஓடுவது டிரம்ஸ். சாதாரண டிரம் செட்டில் காலால் மிதிக்கும் பேஸ் டிரம் ஒன்று. இவர்களுக்கு இரண்டு. வலது கால், இடது கால் மாறி மாறி, இடைவெளியே தெரியாமல் மிதிப்பார்கள். அதைத் தனியாகக் கேட்டால் மரப்பாலத்தின் மேல் வண்டி போகிற மாதிரி இருக்கும். மேலே கிட்டார்கள் இரண்டு ஜோடி சேர்ந்து பறக்கும். குரல் அதற்கும் மேலே. கீழே அந்தக் கால்கள் ஓய்ந்தால் மேலே உள்ளது எல்லாம் சரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் காதுக்கு இது அந்நியமாகப் படவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிகை மலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றவனுக்குப் பம்பை தெரியும். அதுவும் இரட்டை. ஒன்று மரம், ஒன்று பித்தளை. சேர்த்துக் கட்டி இடுப்போரம் தொங்கவிட்டு, குச்சிகளால் பொரிந்து தள்ளுவார்கள். காவடி எடுத்தவனின் கால் தரையில் நிற்கவேண்டுமா, ஆடவேண்டுமா என்பதை அந்த இரட்டைதான் முடிவு செய்யும்.

*

ஜூன் 20.

கோயில்கள் அடைத்திருக்கின்றன. மலைக்கோயிலை மனசில்தான் நினைத்துக்கொள்ள முடிகிறது.

தணிகை என்ற பெயர் எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கி அர்த்தம் மங்கிப்போன சொல். சூரனோடு செய்த போரும், வள்ளிக்காக வேடரோடு செய்த போரும் முடிந்து, முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பது தலபுராணம். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் தலங்கள் எல்லாம் சூரசம்ஹாரம் நடத்த, தணிகையில் அது கிடையாது. அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ. சிறுவயதில் எனக்கு இது பெரிய ஏமாற்றம். மற்ற ஊரில் சூரன் தலை மாறி மாறி வருவானாம், வேல் பாயுமாம்; நம் ஊரில் பூவைக் கொட்டுகிறார்களே என்று அழுதிருக்கிறேன். பாட்டி சொன்னாள்: "இங்க வர்றப்ப சாமிக்குக் கோபம் போயிடுச்சுடா. கோபம் போனவரை எப்படிடா மறுபடி சண்டைக்குக் கூப்புடுறது?"

நேற்றிலிருந்து இந்தத் தொகுப்பைக் கேட்கக் கேட்கப் பாட்டியின் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. பாட்டில் போர் இருக்கிறது. கால்கள் அதே வேகத்தில் மிதிக்கின்றன. பாடுகிறவர்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவர்களுக்குள் இருந்த போர் முடிந்துவிட்டது. போர் முடிந்தவன் போர்ப்பாட்டைப் பாடினால் அது எப்படி இருக்கும் என்பது இதற்கு முன் எனக்குத் தெரியாது.

*

ஜூன் 22.

அவர்களுடைய சண்டையை எழுதிவைக்க வேண்டும்.

மிகாயேல் கிஸ்கே அந்தக் குழுவில் பாடிய முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அதுவரை தானே பாடிக்கொண்டிருந்த காய் ஹான்சன், கிட்டாரோடு போதும் என்று குரலை இந்தப் பையனிடம் கொடுத்தவர். அந்த ஹான்சன் 1989இல் பிரிந்தார். காமா ரே என்று தனிக்குழு கண்டார். 1993இல் 'கமீலியன்' வந்தது. பாணி வேறு எங்கோ போயிருந்தது, விற்கவில்லை, ஒருவரோடு ஒருவர் பேச முடியாத நிலை. கிஸ்கே வெளியேற்றப்பட்டார். மிகாயேல் வைக்காத் என்ற கிட்டார்க்காரருக்கும் அவருக்கும் மூண்ட பகை இருபது வருஷம் அணையவில்லை. மெட்டல் இசையே வேண்டாம் என்று கிஸ்கே விலகி நின்றார். 2001இல் 'அவான்டாசியா'வில் அவர் பாடியபோது சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை. 'எர்னி' என்றுதான் அச்சானது. தன் குரலுக்குத் தானே முக்காடு போட்டு அனுப்பிய மனுஷன்.

பிறகு மெல்ல மெல்லத் திரும்பினார். 'யூனிசோனிக்' என்ற குழுவில் ஹான்சனும் அவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். வைக்காத்தோடும் பேச்சு தொடங்கியது. 2016இல் சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். 2017 அக்டோபரில் மெக்ஸிகோவில் பயணத்தைத் தொடங்கி ஊர் ஊராக வாசித்தார்கள். இந்தத் தொகுப்பு அதற்குப் பிறகு, போன தொகுப்பிலிருந்து ஆறு வருஷம் கழித்து. கிஸ்கேவைக் கணக்கு வைத்தால் 28 வருஷம். ஹான்சனைக் கணக்கு வைத்தால் 33.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. கிஸ்கே போன பிறகு 1994இல் வந்தவர் ஆண்டி டெரிஸ். முறிந்து கிடந்த குழுவை நிமிர்த்தி இருபத்தேழு வருஷம் தோளில் சுமந்தவர். பழைய குரல் திரும்பி வருகிறது என்றால் உலக வழக்கம் என்ன? வந்தவருக்காக இருந்தவரை நகர்த்துவது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பாமல் பக்கத்தில் இன்னொரு இலை போட்டார்கள். டெரிஸ் இருக்கிறார், கிஸ்கே இருக்கிறார், ஹான்சன் இருக்கிறார். மூன்று பேரும் பாடுகிறார்கள். கிட்டார் மூன்று. ஏழு பேர் கொண்ட குழு. 'ஸ்கைஃபால்' என்ற பன்னிரண்டு நிமிஷப் பாட்டு ஹான்சன் எழுதியது. அதில் மூன்று குரல்களும் ஒன்றன் வாயிலிருந்து ஒன்று வாங்கிப் பாடுவதைக் கேட்கும்போது, யார் எங்கே நிறுத்தினார், யார் எங்கே எடுத்தார் என்று பிரிக்கவே தோன்றவில்லை. தொகுப்பின் முதல் பாட்டு வைக்காத் எழுதியது. அதில் முன்னால் நிற்கும் குரல் கிஸ்கே. இருபது வருஷம் முகம் பார்க்காத இருவர், ஒருவர் சொல்லை ஒருவர் வாயில் வைத்திருக்கிறார்.

(பிற்பாடு சேர்த்தது: ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் இந்தத் தொகுப்பு முதலிடம் போனது. அவர்கள் சரித்திரத்திலேயே முதல் தடவை.)

கிஸ்கேயின் குரல் மாறியிருக்கிறது. உச்சிக்குப் போகிறது, ஆனால் போகும் வழி தெரிகிறது. பத்தொன்பது வயதில் அது ஒரே தாவல். கீழே இருந்தான், மேலே இருந்தான், நடுவில் ஏறியதைப் பார்க்க முடியாது. ஐம்பத்து மூன்றில் படி வைத்து ஏறுகிறார். எந்தப் படியில் மூச்சு வாங்குகிறார் என்பதைக் கேட்க முடிகிறது. எனக்கு இந்தக் குரல்தான் கூடுதலாகப் பிடிக்கிறது.

*

ஜூன் 27.

இதை எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

இங்கோ ஷ்விச்டென்பெர்க். கீப்பர் இரண்டிலும் அந்த இரட்டைக் கால்கள் இவருடையவை. கேசட் உறையில் நகரிக்காரன் எழுதிக்கொடுத்த பெயர்களில் எனக்கு வாயில் நுழையாத பெயர். எப்போதும் சிரித்த முகம். குழுவில் பட்டப்பெயரே 'மிஸ்டர் ஸ்மைல்'. மனப்பிறழ்வு நோய் அவரைப் பிடித்தது. 1993இல் அவரும் குழுவை விட்டு அனுப்பப்பட்டார். 1995 மார்ச் 8 அன்று ஹாம்பர்க்கில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது இருபத்தொன்பது. எப்படி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ரயில்பாதை ஓரம் வாழ்கிறவன் நான்.

ஹான்சன் அவருக்காக 'ஆஃப்டர்லைஃப்' என்ற பாட்டை அந்த வருஷமே காமா ரேயில் செய்தார். 1996இல் வந்த ஹெலோவீன் தொகுப்பை அவருக்குக் காணிக்கை ஆக்கினார்கள். பகையில் இருந்தவர்கள் தனித்தனி வீட்டில் ஒரே ஆளுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

இப்போது இந்தத் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் டானி லோப்ளே, 2005 முதல் குழுவில் இருப்பவர். அவர் வாசித்திருப்பது இங்கோவின் டிரம் செட்டில். கீப்பர் நாட்களில் இங்கோ வாசித்த அதே செட். அதை எடுத்துவந்து, தூசி தட்டி, ஹாம்பர்க் ஸ்டுடியோவில் நிறுத்தி, முழுத் தொகுப்பையும் அதிலேயே அடித்திருக்கிறார்கள்.

2017 பயணத்தின்போதே இதற்கு ஒரு முன்னோட்டம் இருந்தது. மேடையின் பின்திரையில் இங்கோ வாசிக்கும் பழைய படம் ஓடும். அவர் ஒரு ஆவர்த்தனம் போல வாசித்து நிறுத்த, மேடையில் உயிரோடு இருக்கும் லோப்ளே அதற்குப் பதில் வாசிப்பார். மறுபடி திரை, மறுபடி மேடை. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சொல்வது மாதிரி. அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தேன். இன்னொரு முறை பார்க்கவில்லை.

சண்டை போட்டவர்கள் சேர முடியும். கிஸ்கேவுக்கும் வைக்காத்துக்கும் இருபது வருஷம் கழித்தும் ஒரு நாற்காலி மீதம் இருந்தது. இங்கோவுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. எந்தச் சினமும் தணிய நாள் வேண்டும். நாள் இல்லாமல் போனவருக்கு என்ன செய்வது? அவர்கள் மரத்தையும் தோலையும் எடுத்துவந்து நடுவில் வைத்தார்கள். அதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

இரவு, ஹெட்போனில் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு முழுத் தொகுப்பையும் கேட்டேன். மரம் அதே மரம்தான். அடி வேறு. லோப்ளேயின் அடி கனம். இங்கோவின் அடியில் ஒரு துள்ளல் இருக்கும், தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்பது போல. லோப்ளே அதைப் போலி செய்யவில்லை. அது சரி.

நகரிக்குப் பதில் அனுப்பினேன். "கேட்டேன்." அவ்வளவுதான் எழுத வந்தது.

*

2022, அக்டோபர்.

திருப்புகழை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டு. அவர் பாடிய பாட்டுகள் பிற்காலத்தில் ஏடுகளாக ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. 1871இல் சிதம்பரத்துத் தீட்சிதர்கள் வழக்கு ஒன்றில் ஆதாரமாகக் காட்டிய திருப்புகழ்ப் பாட்டைக் கேட்டு, வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அசந்துபோனார். நீதித்துறையில் வேலை பார்த்தவர். அதற்கப்புறம் வேலைக்குப் போன ஊரெல்லாம் ஏடு தேடி, 1894இல் முதல் தொகுதியை அச்சேற்றினார், இரண்டாவது 1901இல். இன்று கையில் இருப்பது ஆயிரத்து முந்நூறு பாட்டு அளவில்.

மெட்டு கிடைக்கவில்லை. அருணகிரி எந்த ராகத்தில் பாடினார் என்பது போய்விட்டது. கிடைத்தது சந்தம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தத்த தன, தான தனன என்று போட்டிருக்கிறதே, அந்தக் கட்டு. குறில் நெடில், வல்லினம் மெல்லினம் எல்லாம் அதற்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. நானூறு வருஷம் கழித்து ஏட்டைப் பிரித்தவர்களுக்கு ராகம் இல்லாமலேயே தாளம் கேட்டது. அடித்த கை போய், அடி மட்டும் சொல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இங்கோவின் செட்டைப் பற்றி இரண்டு வாரமாக யோசிக்காமல் இருந்தேன். இன்று மறுபடி வந்துவிட்டது.

*

2022, டிசம்பர் 31, இரவு.

படித்திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளைத் தேடிப்போய்க் கும்பிட்ட காலத்தில், அந்தக் கும்பிடு முருகனுக்குப் போகட்டும் என்று அவர் தணிகைப் படிகளைக் காட்டினார். படி 365. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ்.

அவன் வந்திருந்தான். நகரியிலிருந்து பஸ் ஏறி, அடிவாரத்தில் டீக்கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். தலை பூராவும் வெள்ளை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "என்னடா, எளச்சிட்ட" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் படியில் கால் வைத்தோம்.

நூறாவது படி அருகே அவனுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தோம். மேலேயும் கீழேயும் ஜால்ராச் சத்தம். முன்னால் போன கூட்டம் ஒரு சந்தத்தில், பின்னால் வந்த கூட்டம் வேறு சந்தத்தில்.

"ஏன்டா அதை அனுப்புன? அத்தனை வருஷம் கழிச்சு?" என்றேன்.

"இங்கோ டிரம்ஸ்ல வாசிச்சிருக்கான்னு படிச்சேன். உனக்குச் சொல்லாம வேற யாருக்குடா சொல்றது?"

சீட்டுப் பணத்தை இருவரும் எடுக்கவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து பாடிக்கொண்டு ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி ஏறியது. இந்த மலைக்காகவே ஒரு காலத்தில் இரண்டு மாநிலம் மோதியது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. அவன் தாத்தா அந்தப் பக்கம் ஊர்வலம் போனவர், என் தாத்தா இந்தப் பக்கம். இன்றைக்குப் படியில் குங்குமம் வைக்கிற கைகளில் எது எந்த மொழி என்று யார் பார்க்கிறார்கள்?

மிச்சப் படிகளை மெதுவாக ஏறினோம்.

*

2023, மார்ச்.

அவன் இப்போது வாரம் ஒன்று அனுப்புகிறான். இந்த வாரம் சிங்கப்பூர் ருத்ரா.

1992இல் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கிய குழு. பேஸ் கிட்டாரும் குரலும் கதிரேசன். பவர் மெட்டல் கிடையாது, அதைவிடக் கரடு. தொண்டையின் அடியிலிருந்து உறுமும் டெத் மெட்டல். அதற்குள் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் கொண்டுபோய் வைத்தார்கள். 'வேதிக் மெட்டல்' என்று அவர்களே பெயர் சொன்னார்கள். நடுவில் 90களிலேயே ஒருமுறை கலைந்து, மறுபடி கூடி, 1998இல் முதல் தொகுப்பு. 2016க்குப் பிறகு ஆறு வருஷம் தொகுப்பு இல்லை. போன வருஷம், குழுவின் முப்பதாவது வருஷத்தில், 'எய்ட் மகாவித்யாஸ்'.

பம்பாயின் இண்டஸ் கிரீட் இன்னும் நீண்ட இடைவெளி. 1984இல் ராக் மெஷின் என்று தொடங்கி, 1993இல் பெயர் மாற்றி, 1997இல் கலைந்து, 2010இல் கூடி, 2012இல் 'இவால்வ்' கொடுத்தார்கள். முந்தைய தொகுப்பு 1995. பதினேழு வருஷம். அது ஹார்ட் ராக். நன்றாகவே இருக்கிறது, ஆனால் என்னை ருத்ராதான் பிடித்துக்கொண்டது.

பெயரே சினம். ருத்திரன். அந்த உறுமலுக்குள் அவர்கள் தேடுவதோ ஆத்ம விசாரம். முதல் தடவை கேட்டபோது இரண்டும் ஒட்டவில்லை என்று நினைத்தேன். அன்று மாலை திருவாலங்காட்டுக்கு நடந்தேன். எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். இரத்தின சபை. காளியின் உக்கிரத்தை அடக்கச் சிவன் ஆடிய இடம். அவள் தோற்றுத் தணிந்த இடம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்ததும் இங்கேதான். அவர் இந்தக் காட்டைப் பாடியபோது சுடுகாடு, பேய், வற்றிய முலை, குழிந்த கண், நரி என்று ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் பழந்தமிழ்ச் சுரங்களின் பெயர்களையும் தோற்கருவிகளின் பெயர்களையும் வரிசையாக அடுக்குகிறார். பயங்கரத்துக்கு நடுவில் ஒரு தாளவாத்தியக் கூட்டம். அதற்கு நடுவில் தூக்கிய திருவடி. அழகான பெண் உடம்பைக் கழற்றிப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்ட ஒருத்தி, அந்தச் சத்தத்தின் அடியில்தான் உட்கார இடம் பிடித்தாள்.

பிரகாரத்தில் உட்கார்ந்து ருத்ராவை மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை உறுமலுக்குக் கீழே ஒரு அமைதி இருப்பது பிடிபட்டது. அதை வார்த்தையில் வைக்க இப்போது முடியவில்லை. பக்கத்தில் பூக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாத்த கேக்குற?" என்றாள். ஒரு காதுக் கருவியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "சாமி வந்தவன் பேசுறாப்புல கீது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

*

2024, ஆடிப் பரணி.

நாளைக்குக் கிருத்திகை. மலை அடிவாரம் இன்றைக்கே நிரம்பிவிட்டது. மஞ்சள் வேட்டி, சேலை, பூக்காவடி, மயில்தோகை. அவன் குடும்பத்தோடு வந்து ஒரு புளியமரத்தடியில் பாய் விரித்திருக்கிறான். பேரனுக்கு மொட்டை.

எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பம்பைக்காரர் தன் கருவியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மரப் பம்பையின் கயிற்றைக் கட்டை விரலில் சுற்றி, கால் பெருவிரலால் உடலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு கண்ணியாக இழுத்துக்கொண்டே வந்தார். இழுப்பார், தோலில் நடுவிரலால் சுண்டுவார், காதைச் சாய்ப்பார், மறுபடி இழுப்பார். மரம் கறுத்துப் பளபளத்தது. இடுப்பு உரசும் இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வழுவழு என்று தேய்ந்து வெளுத்திருந்தது.

"பழைய பம்பைங்களா?" என்றேன்.

"எங்க நைனாவுது. அவருக்கு முன்னாடி அவுங்க நைனாவுது. தோலு எத்தனையோ தபா மாத்தியாச்சு, கவுறும் மாத்தியாச்சு. கட்டை அதேதான்."

"நைனா இருக்காரா?"

"பதினோரு வருசம் ஆவுது." விரலால் வெளுத்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இது அவரு இடுப்பு. நான் அவரைக்காட்டியும் குள்ளம். எனக்கு இங்க படுது." ஒரு சாண் கீழே, இன்னொரு தேய்மானம் ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

அவன் எட்டிப் பார்த்தான். எனக்கு முன்னால் அவன் சொன்னான்: "இங்கோ."

பம்பைக்காரருக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை. அவர் பித்தளைப் பம்பையையும் சேர்த்துக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கையில் பாதி தின்ற மாங்காயோடு ஓடிவந்தான். அவர் மகன்.

"அடிச்சுப் பாரு" என்று குச்சியைக் கொடுத்தார்.

பையன் மாங்காயை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு அடி அடித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னும் ஒரு கண்ணி இழுக்கணும்" என்று மறுபடி தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். மேலே முதல் காவடி படியேறத் தொடங்கியிருந்தது.